எல்-1 விதிக்குள் பசுமைக் கொள்முதல் முடியுமா? தர்மபுரியிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

தர்மபுரியில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் கொள்முதல் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் உதவிப் பேராசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். நாக் (உயர்கல்வி நிறுவனங்களைத் தர மதிப்பீடு செய்யும் தேசிய அமைப்பு) குழு வரப்போகிறது என்பதால் நிலைத்த கொள்முதலுக்கு, அதாவது பசுமைக் கொள்முதலுக்கு, ஒரு கொள்கை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கூடவே இனி எல்லாக் கொள்முதலும் மின்கொள்முதல் போர்ட்டல் வழியாகத்தான் என்றும் உத்தரவு. "போர்ட்டலில் போட்டால் எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவர், யாரோ அவருக்குத்தானே ஆர்டர்? விலை குறைந்த மட்டமான பொருள்தான் வரும். இதில் பசுமையை எங்கே சார் நுழைப்பது? உள்ளூர் கடைக்காரர்கள் வேறு, இனி எங்களுக்கு ஆர்டரே கிடையாதா என்று கேட்கிறார்கள்" என்பது அவர் கேள்வி.

ஸ்டோர்ஸிலும் கொள்முதல் பிரிவிலும் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எல்-1 உங்களுக்கு எதிரி இல்லை. விலைக் கவரைத் திறக்கும் நாளில் எதையும் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. எல்லாம் முடிவாவது அதற்கு முன்னால், துறைகளிலிருந்து இண்டென்ட் (தேவைப் பட்டியல்) வரும்போதும் ஸ்பெசிபிகேஷன் (பொருளின் தர விவரம்) எழுதும்போதும்தான். நீங்கள் எழுதியதை அப்படியே நடத்திக் கொடுப்பது மட்டும்தான் போர்ட்டலின் வேலை. வெறுமனே 'சீலிங் ஃபேன் 200 எண்ணம்' என்று எழுதினால், சந்தையில் இருப்பதிலேயே மலிவான ஃபேன் 200 வரும். அதற்குப் போர்ட்டலைக் குறை சொல்லிப் பயனில்லை.

முதலில் சட்டம். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது, அதன் விதிகள் 2000-இல். அரசுத் துறைகளைப் போலவே சட்டத்தின் மூலம் அமைந்த பல்கலைக்கழகங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை. அந்தச் சட்டம் 'மிகக் குறைந்த விலை சொன்னவர்' என்று கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதில்லை. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் சொன்ன அளவுகோல்களின்படி மதிப்பிட்ட பிறகு யாருடைய விலை குறைவோ அவரைத்தான் பார்க்கிறது. இயந்திரங்கள், சாதனங்கள் வாங்கும்போது இயக்கும் செலவு, பராமரிப்புச் செலவு, ஆயுட்காலச் செலவு ஆகியவற்றையும் பொருத்தமான இடத்தில் கணக்கில் சேர்க்க விதிகளில் இடம் இருக்கிறது. ஒரே நிபந்தனை, எப்படிக் கணக்கிடப் போகிறீர்கள் என்பதை ஆவணத்திலேயே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். ஆவணத்தில் இல்லாத அளவுகோலை மதிப்பீட்டின்போது கொண்டுவந்தால் ஆடிட் அப்ஜெக்ஷன் நிச்சயம் வரும், அதில் நியாயமும் இருக்கும். ஆவணத்தில் எழுதி, அதன்படியே நடந்து, காரணத்தைக் கோப்பில் குறிப்பாகப் பதிந்திருந்தால் ஆடிட்டர் அதில் கை வைக்க மாட்டார்.

ஃபேனையே எடுத்துப் பார்ப்போம். சாதாரண சீலிங் ஃபேன் ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. எனப்படும், மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்தது 30 வாட் அளவில் ஓடும். வகுப்பறையில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 200 நாள் என்று வைத்துக்கொண்டால் 1,600 மணி நேரம். சாதாரண ஃபேன் 120 யூனிட், மற்றது 48 யூனிட். கணக்குக்காக ஒரு யூனிட் 8 ரூபாய் என்று வையுங்கள். வருடத்துக்கு 960 ரூபாய் ஒரு பக்கம், 384 ரூபாய் மறுபக்கம். சாதாரண ஃபேன் 1,500 ரூபாய், பி.எல்.டி.சி. 2,800 ரூபாய் என்று விலை வந்திருக்கிறது என்று கொள்வோம். ஐந்து வருட மின்சாரத்தையும் சேர்த்தால் முதலாவதுக்கு 6,300 ரூபாய், இரண்டாவதுக்கு 4,720 ரூபாய். 200 ஃபேனுக்கு வித்தியாசம் 3,16,000 ரூபாய். விடுதியில் ஒரு நாளைக்கு 12 மணி நேரமாவது ஓடும் என்பதால் அங்கே கூடுதல் விலை ஏறக்குறைய ஒரே வருடத்தில் திரும்பிவிடும். அதாவது விலைப் பட்டியலில் எல்-1 ஆக நிற்பவர் மதிப்பீட்டில் எல்-1 ஆக இருக்கமாட்டார். இதற்காக விதி எதையும் வளைக்க வேண்டியதில்லை. எத்தனை மணி நேரம், யூனிட்டுக்கு எத்தனை ரூபாய், எத்தனை வருடம் என்ற மூன்று எண்களையும் ஆவணத்தில் எழுதிவிட்டால் போதும். உங்கள் மின்கட்டண ரசீதிலிருக்கும் உண்மையான விலையைப் போடுங்கள், நான் சொன்ன 8 ரூபாயைப் போடாதீர்கள்.

இதைவிட எளிய வழியும் உண்டு. ஸ்பெசிபிகேஷனிலேயே '1200 மி.மீ. வீச்சு, மின்நுகர்வு 35 வாட்டுக்கு மிகாமல், காற்றோட்டம் நிமிடத்துக்கு 210 கன மீட்டருக்குக் குறையாமல், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சோதனை அறிக்கையுடன்' என்று எழுதிவிடலாம். வாட்டை மட்டும் எழுதிக் காற்றோட்டத்தை எழுதாமல் விட்டால் மின்சாரம் மிச்சமாகும், ஆனால் காற்று வராது. அப்புறம் மாணவர்கள் இன்னொரு ஃபேன் கேட்பார்கள். சரக்கு வந்ததும் ஸ்டோர்ஸில் பத்து ஃபேனை எடுத்து, பிளக்கில் செருகும் சின்ன வாட் மீட்டர் ஒன்றை வைத்து அளந்து, அளவை இருப்புப் பதிவேட்டில் எழுதுங்கள். மீட்டரின் விலை ஒரு ஃபேன் விலைகூட வராது. அளப்பார்கள் என்று சப்ளையருக்குத் தெரிந்தாலே வரும் சரக்கின் தரம் மாறிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

'சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக இருக்க வேண்டும்' என்ற வரியை எந்த ஸ்பெசிபிகேஷனிலும் எழுதாதீர்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் டெக்னிக்கல் பிட்டை (விலை தவிர்த்த தகுதி, தர விவரங்களை) பரிசீலிக்கும்போது அதை வைத்து ஒருவரை ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. அளக்க முடிவதை எழுதுங்கள்: எத்தனை வாட், எத்தனை நட்சத்திரம், எத்தனை வருட வாரண்டி, எத்தனை வருடத்துக்கு உதிரிபாகம் கிடைக்கும், பழையதை யார் திரும்ப எடுத்துக்கொள்வது. ஃபேனுக்கு நட்சத்திர லேபிள் 2023 ஜனவரியிலிருந்து கட்டாயம். ஏ.சி., பிரிட்ஜ் போன்றவற்றுக்கும் உண்டு. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 மின்சாதனங்களுக்குக் குறைந்தபட்ச நட்சத்திர அளவைப் பார்க்கச் சொல்கின்றன. மாநிலப் பல்கலைக்கழகத்தை அந்த விதிகள் நேரடியாகக் கட்டுப்படுத்தாவிட்டாலும், கொள்கை எழுதும்போது முன்மாதிரியாகக் காட்ட உதவும்.

சான்றிதழ் விஷயத்தில் எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. பசுமைக் கொள்கை எழுதுகிற உற்சாகத்தில் நான்கைந்து சர்வதேசச் சான்றிதழ், ஆண்டு விற்றுமுதல் சில கோடி, இதேபோன்ற வேலையில் மூன்று வருட அனுபவம் என்று அடுக்கிவிடுகிறார்கள். கடைசியில் தகுதி பெறுவது இரண்டு பெரிய நிறுவனங்கள்தான். ஓசூரில் நல்ல தரத்தில் ஸ்டீல் அலமாரி செய்கிற சிறு பட்டறைக்காரரும், பாலக்கோட்டில் பாக்குமட்டைத் தட்டு செய்கிறவரும் டெக்னிக்கல் பிட்டிலேயே வெளியே போய்விடுகிறார்கள். பொருள் எங்கோ வெகுதூரத்திலிருந்து தெர்மாகோல் சுற்றி லாரியில் வருகிறது. இதைப் பசுமை என்று நாக் அறிக்கையில் எழுதலாம், ஆனால் அது பசுமை இல்லை. பொருளின் தரத்தைக் கடுமையாக வையுங்கள், விற்பவரின் பருமனை அளவாக வையுங்கள். ஆர்டர் மதிப்புக்கு ஏற்ற விற்றுமுதல் கேட்டால் போதும். பிராண்ட் பெயரை எழுதாதீர்கள். எழுதியே ஆகவேண்டிய இடத்தில் 'அல்லது அதற்கு இணையானது' என்று சேருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: வாங்கத்தான் வேண்டுமா? பல்கலைக்கழகத்தில் அதிகம் தாள் தின்னும் பொருள் விடைத்தாள் புத்தகம். செமஸ்டருக்குச் செமஸ்டர் அச்சாகிறது. எத்தனை பக்கம் என்பதை யாரோ எப்போதோ முடிவு செய்திருப்பார்கள், அதே இண்டென்ட் வருடா வருடம் நகலெடுக்கப்படும். திருத்திமுடித்த கட்டிலிருந்து ஒரு நூறு புத்தகத்தைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அனுமதியோடு எடுத்துக் கடைசியில் எத்தனை பக்கம் வெறுமையாக நிற்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். இளங்கலைக்கு எவ்வளவு, முதுகலைக்கு எவ்வளவு, கணிதத்துக்கு எவ்வளவு, தமிழுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக. ஒரு புத்தகத்தில் நான்கு பக்கம் குறைத்தால்கூட மொத்தத்தில் நல்ல மிச்சம். தாள் வாங்கும்போது கரூர் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துத் தாள் செய்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பொதுத்துறை நிறுவனம், நம் ஊருக்கும் பக்கம்.

வேதியியல் துறையில் கணக்கு நேர்மாறு. எல்லாத் துறைகளின் தேவையையும் சேர்த்து மொத்தமாக வாங்கு என்பதுதான் மின்கொள்முதலின் பாலபாடம். நாற்காலி, தாள், டோனர், சுத்திகரிப்புப் பொருள் எல்லாவற்றுக்கும் அது சரி. ஒரே பொருளைத் துறை துறையாகப் பிரித்து, டெண்டர் இல்லாமல் கொட்டேஷனில் வாங்கும் வரம்புக்குள் அடக்கி வாங்குவது விதிமீறல் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆய்வக ரசாயனத்தில் 'கிலோ விலை மலிவு' என்று பெரிய பாட்டிலாக வாங்கினால் பாதி காலாவதியாகி அலமாரியில் நிற்கும். அதை அப்புறப்படுத்த ஆகும் செலவும் ஆபத்தும் வாங்கிய விலையைத் தாண்டிவிடும். அங்கே சிறிய பாட்டில், வருடத்துக்கு ஒரு ரேட் கான்ட்ராக்ட் (விலையை மட்டும் நிர்ணயிக்கும் ஒப்பந்தம்), தேவைப்படும்போது சப்ளை என்று எழுதுங்கள். காலாவதிக்குக் குறைந்தது இத்தனை மாதம் மிச்சமிருக்க வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும். இண்டென்டோடு கையிருப்புப் பட்டியலைக் கட்டாயமாக்குங்கள். மின்முறையில் வந்தபிறகு இது எளிது: பட்டியலை ஏற்றாவிட்டால் இண்டென்ட் மேலே நகராது என்று உங்கள் உள் மென்பொருளில் வைத்துவிடலாம்.

அடுத்து, நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு கொள்முதல்: குடிநீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் பயன்பாட்டுக்குத் திறந்தார்கள். இருந்தும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு ஆர்.ஓ. இயந்திரம் என்று இண்டென்ட் வரும். டெண்டர் போடும் முன்னால் ஒவ்வொரு தொட்டியின் தண்ணீரையும் சோதனைக்கு அனுப்புங்கள். ஃபுளோரைடுக்கு இந்தியத் தரநிலை சொல்வது லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை. ஒகேனக்கல் தண்ணீர் வருகிற தொட்டியில் அளவு அதற்குள் இருந்தால் அங்கே ஆர்.ஓ. தேவையே இல்லை. சாதாரண வடிகட்டியும் புறஊதா விளக்கும் போதும். பல வளாகங்களில் நடப்பது என்னவென்றால், போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரையும் ஒகேனக்கல் தண்ணீரையும் ஒரே சம்ப்பில் விட்டுக் கலக்கிவிட்டு, அந்தக் கலவையைச் சுத்தம் செய்ய இயந்திரம் வாங்குகிறார்கள். குடிநீருக்கு ஒரு தனிக் குழாயும் தனித் தொட்டியும் போட்டால் பத்து இயந்திரத்தின் செலவு மிச்சம்.

போர் தண்ணீரைத்தான் குடித்தாக வேண்டும், ஃபுளோரைடும் அதிகம் என்றால் ஆர்.ஓ. வாங்குங்கள், அதில் தயக்கம் வேண்டாம். பிள்ளைகளின் பல்லும் எலும்பும் சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் ஸ்பெசிபிகேஷனில் நூறு லிட்டர் உள்ளே போனால் எத்தனை லிட்டர் குடிநீராக வரவேண்டும் என்று எழுதுங்கள். கழிவாக வெளியேறும் தண்ணீரை எந்தக் குழாயில் எங்கே கொண்டுபோவது என்பதும் வேலையின் பகுதியாக இருக்கட்டும். அந்தக் கழிவுநீரில் ஃபுளோரைடு இன்னும் செறிவாக இருக்கும். மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் அதை விட்டால் அதே போருக்குத்தான் திரும்பிப் போகும். கழிப்பறைத் தொட்டிக்கு இணைப்பதே சரி.

இனி போர்ட்டலின் நடைமுறை. மாநில அரசின் மின்கொள்முதல் தளத்தில் வேலை செய்யும்போது புதியவர்கள் அதிகம் தடுமாறுவது டி.எஸ்.சி. (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ்) டோக்கனில்தான். உங்கள் டோக்கன் என்றால் உங்கள் கையெழுத்து. அவசரம் என்று கணினி ஆபரேட்டரிடம் கடவுச்சொல்லோடு கொடுத்து வைக்காதீர்கள். பிட் திறப்பவர்களாக நால்வரைப் போட்டு, அவர்களில் இருவர் இருந்தால் திறக்கலாம் என்று வைப்பது நல்லது. பிட்கள் திறப்பவர்களின் டிஜிட்டல் சான்றிதழோடு பூட்டப்பட்டு வருகின்றன. டெண்டர் வெளியான பிறகு அவர்களில் ஒருவரின் சான்றிதழ் காலாவதியாகிப் புதியது வாங்கினால் பழைய பூட்டைப் புதிய சாவி திறக்காது. இரண்டே பேரைப் போட்டு ஒருவர் இடமாற்றத்தில் போய்விட்டால் முழு டெண்டரையும் ரத்து செய்ய வேண்டிவரும். வெளியிடும் முன்னால் நால்வரின் சான்றிதழ் முடியும் தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

கால அவகாசம் 2 கோடி ரூபாய் வரையான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் என்பது மாநில விதி. ஆயுட்காலச் செலவு மதிப்பீட்டை முதல் தடவை கொண்டுவரும்போது குறைந்தபட்ச நாளோடு நிறுத்தாதீர்கள். நடுவில் ஒரு ப்ரீ-பிட் கூட்டம் (விலை கொடுக்கும் முன் விற்பவர்களோடு கூட்டம்) வைத்து கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். அங்கே எழும் நல்ல கேள்விகளுக்கு எழுத்துமூலம் திருத்த அறிவிப்பு வெளியிடுங்கள். மத்திய அரசின் மின்சந்தையான ஜெம் தளம் வழியாக வாங்கினால் அங்கே பொருளின் அம்சங்கள் முன்பே வரையறுக்கப்பட்டிருக்கும். நட்சத்திர அளவு, வாரண்டி போன்ற வடிப்பான்களைப் பயன்படுத்துவதுதான் அங்கே வழி. கூடுதல் நிபந்தனைகளை இஷ்டத்துக்குச் சேர்க்க முடியாது.

உள்ளூர் கடைக்காரர்களுக்கு ஆர்டர் கிடைக்குமா என்று கேட்டீர்கள். கிடைக்கும், ஆனால் கை கொடுக்க வேண்டும். அவர்களில் பலரிடம் டி.எஸ்.சி. இருக்காது, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவும் இருக்காது. உத்யம் பதிவு இலவசம், மாவட்டத் தொழில் மையத்தில் வழி சொல்வார்கள். அங்கிருந்து ஒருவரை அழைத்து உங்கள் கணினி ஆய்வகத்தில் அரை நாள் உட்காரவைத்து, ஒரு மாதிரி டெண்டரைப் பதிவேற்றிப் பழகச் சொல்லுங்கள். கடைசி நாளில் நெட் மெதுவாக இருந்தது என்று யார் வந்து நின்றாலும் நேரம் முடிந்தால் போர்ட்டல் மூடிவிடும், யாராலும் திறக்க முடியாது என்பதை அன்றே புரியவைத்துவிட வேண்டும். எல்லாருக்கும் பொது அறிவிப்பு கொடுத்து நடத்துங்கள். வேண்டியவர்களை மட்டும் கூப்பிட்டால் அது வேறு பிரச்சினையாகும்.

அதைவிட முக்கியம் பணம். சிறு சப்ளையர் டெண்டருக்கு வராமல் போவதற்குப் பெரிய காரணம் பில் பாஸ் ஆகும் தாமதம். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது, தாண்டினால் கூட்டு வட்டி. நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் சரக்கு வந்து நாற்பது நாள் ஆனபிறகுதான் தரச் சான்றுக்கே கோப்பு துறைக்குப் போகும். வட்டியையும் அலைச்சலையும் விலையில் ஏற்றித்தான் அடுத்த தடவை கொட்டேஷன் கொடுப்பார்கள், அல்லது வரவே மாட்டார்கள். இத்தனை நாளுக்குள் சரிபார்ப்பு, இத்தனை நாளுக்குள் பணம் என்று உங்கள் கொள்கையில் எழுதிவையுங்கள். நிலைத்த கொள்முதல் என்பதில் விற்பவர் பிழைத்திருப்பதும் சேர்த்திதான்.

கழிவு பற்றிச் சுருக்கமாக. மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022 அமலுக்கு வந்தது 2023 ஏப்ரல் 1 முதல். அந்த விதிகளின் பட்டியலில் உள்ள சாதனங்கள் குறைந்தது ஆயிரம் பயன்படுத்தும் நிறுவனம் மொத்த நுகர்வோர். கணினி, பிரிண்டர், ஏ.சி. எல்லாவற்றையும் கூட்டினால் பெரிய பல்கலைக்கழகம் சுலபமாக அந்த எண்ணிக்கையைத் தொடும். பழுதான கணினிகளைப் பயனற்றவை என்று கண்டம் செய்து பழைய இரும்புக் கடைக்காரருக்கு ஏலம் விடும் வழக்கம் இனி செல்லாது. பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர் அல்லது மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் விவரம் கேட்டு வாங்குங்கள். யு.பி.எஸ். பேட்டரிக்கு இன்னும் எளிது: புதியது வாங்கும் டெண்டரிலேயே பழையதைத் திரும்ப எடுக்கும் விலையையும் ஒரு வரியாகக் கேளுங்கள். அப்படிச் செய்தால் பேட்டரிகள் படிக்கட்டுக்கு அடியில் அமிலம் கசிந்துகொண்டு வருடக்கணக்கில் கிடக்காது.

விடுதி மெஸ்ஸையும் விட்டுவிடாதீர்கள். ராகியும் சாமையும் விளைகிற மண்ணில் இருந்துகொண்டு, வாரத்தில் எத்தனை வேளை அவை பரிமாறப்படுகின்றன என்று பாருங்கள். உணவுப் பட்டியல் மாறினால் கொள்முதல் தானாக மாறும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் டெண்டரில் பங்கேற்கலாம். ஈரப்பதம், கல், தூசி ஆகியவற்றின் அளவை மட்டும் தெளிவாக எழுதுங்கள்.

கடைசியாக நாள்கணக்கு. நிதியாண்டு முடியும் மார்ச்சில் பணத்தைச் செலவழித்தே ஆகவேண்டும் என்று ஓடும்போது யாராலும் ஆயுட்காலச் செலவு கணக்குப் போட முடியாது. பழைய ஸ்பெசிபிகேஷனை நகலெடுத்து ஏற்றுவதுதான் நடக்கும். ஜூலையில் துறைகளிடம் வருடத் தேவையைக் கேளுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் ஸ்பெசிபிகேஷன் எழுதி, துறைசார்ந்த ஒருவரிடமும் கணக்குப் பிரிவில் ஒருவரிடமும் காட்டுங்கள். அக்டோபரில் டெண்டர் வெளியானால் ஜனவரிக்குள் சரக்கு வந்து, அளந்து, பணமும் கொடுத்துவிடலாம். இந்த வருடம் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற முயலாதீர்கள். ஃபேன், விடைத்தாள், பேட்டரி ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றின் ஸ்பெசிபிகேஷன் வரைவையும் எழுதியபின் காட்டுங்கள், வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.